துளை பார்த்து மணி எடுங்கள்

மணி கோக்கத் தெரிந்தவரை ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிடலாம். குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் நாமெல்லாம் நிறத்தைப் பார்ப்போம், பளபளப்பைப் பார்ப்போம். அவர்களோ அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டைக்குள் பார்ப்பார்கள். ஓட்டை நேராகப் போகிறதா, அதன் விளிம்பு நூலை அறுக்குமா, ஊசி இரண்டாம் தடவையும் நுழையுமா என்பதுதான் அவர்கள் கவலை. நிறமெல்லாம் அப்புறம். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று ஒரே சாலையில் உள்ள பேருந்து நிலையங்களில் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல.

வீட்டு அலங்காரத்துக்கு மணியில் ஒரு பூச்சியோ பறவையோ செய்யலாம் என்று ஆசையாக உட்காருகிறவர்களில் பாதிப்பேர் தோற்பதும் இந்த ஓட்டையில்தான். இறகு வரைக்கும் அழகாக வரும். கடைசி மணியில் கம்பி நுழையாது. முறுக்கித் தள்ளினால் மணி உடையும். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். அந்த டப்பாவை இறக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்யப்போவது ஒரு தட்டான்பூச்சி.

ஏன் தட்டான் என்றால், செஞ்சியில் இருந்துகொண்டு அதைவிட்டு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. மழைக்காலம் தொட்டதும் ராஜகிரி அடிவாரத்திலும் செட்டிகுளம், சக்கரக்குளம் கரைகளிலும் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சுற்றும். அறிவியலார் பாண்டலா ஃப்ளாவிசென்ஸ் என்று அழைக்கும் மஞ்சள் தட்டான் இந்தக் கூட்டங்களில் முக்கியமானது. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது அது என்று, மாலத்தீவில் இருந்து கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்து விளையாடிய பூச்சி, இந்துமாக்கடலைத் தாண்டும் பூச்சி. நம் ஊரில் சின்ன வயதில் அதற்கு நாம் செய்த கொடுமைக்குக் கணக்கில்லை.

மணிக்கு ஏற்ற உடம்பும் அதற்குத்தான். தட்டானின் வயிற்றுப் பகுதி (நாம் வால் என்று சொல்வது) 10 கணுக்களால் ஆனது. 10 மணியை வரிசையாகக் கோத்தால் வால் தயார், இயற்கையே எண்ணிக் கொடுத்திருக்கிறது. கண்கள் இரண்டும் பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளே. ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 30,000 வரை சின்னச் சின்னக் கண்ணறைகள் உண்டு. வழவழப்பான உருண்டை மணி வைத்தால் ஈயின் முகம் வந்துவிடும். பட்டை மணி வைத்தால் மட்டுமே தட்டான்.

சாமானுக்குக் கடைக்கு ஓட வேண்டாம், முதலில் வீட்டைத் துழாவுங்கள். உடைந்த நகை போட்டு வைக்கும் டப்பா இல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. ஜோடி தொலைந்த ஒத்தக் கம்மல், அறுந்த கவரிங் சங்கிலி, கொலுசிலிருந்து உதிர்ந்த சலங்கை முத்து, கல் விழுந்த நெற்றிச்சுட்டி, திருகாணி, மாட்டல், கொக்கி, யாரோ கல்யாணத்தில் வாங்கிய ஸ்டோன் வளையலின் பாதி, பாட்டியின் தாலிக்கயிற்றிலிருந்து மிஞ்சிய கருகமணி. எறியவும் மனம் வராது, மாட்டிக்கொள்ளவும் முடியாது. இவற்றில் ராஜா, ஒத்த ஜிமிக்கி. அதை எங்கே வைப்பது என்று பிறகு சொல்கிறேன்.

டப்பாவைத் தாம்பாளத்தில் கொட்டியதும் நிறம் நிறமாகப் பிரிக்கத்தான் கை போகும். அப்படிச் செய்யாமல் துளை துளையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அந்தச் சரித்திரம்தான் கம்பி நுழையுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நல்முத்து இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அதன் துளை மயிரிழைதான், பெரும்பாலும் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. முத்து எடைக்கு விற்கிற பொருள். பெரிதாகத் துளைத்தால் போகிற தூளெல்லாம் வியாபாரியின் காசு. போலி முத்துக்கு அந்தக் கவலை இல்லாததால் அதன் ஓட்டை தாராளமாக இருக்கும். ஸ்படிகம், பவளம், கோமேதகம் மாதிரி கல் மணிகளை இரு பக்கமிருந்தும் துளைப்பார்கள். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி விழுந்திருக்கும். நூல் வளைந்து கொடுத்துப் போய்விடும், கம்பி முட்டிக்கொண்டு நிற்கும். தீயில் கண்ணாடியை உருக்கி இரும்புக் கம்பியில் சுற்றிச் செய்த மணியென்றால் ஓட்டைக்குள் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். கண்ணாடி கம்பியோடு ஒட்டாமல் கழன்று வரப் பூசிய களிமண் அது, ஊறவைத்து ஊசியால் சுரண்டினால் போகும். பிளாஸ்டிக் மணியின் வாயில் அச்சுப் பிசிறு நிற்கும். சூடான ஊசியால் ஒரு குத்து போதும். இப்போது மோகமாக இருக்கும் கருங்காலி மாலை அறுந்து கிடந்தால் அதுவும் உதவும். மர மணியின் துளை பெரியது, எந்தக் கம்பியும் போகும். அது நிஜமான கருங்காலியா, சாயம் போட்ட வேறு மரமா என்பது தட்டானுக்குத் தேவையில்லாத விசாரணை.

மிச்சமிருப்பது சிறு பாசி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணி. கடைகளில் 11/0 என்று அளவு போட்டு வருவது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8/0 என்பது 3 மில்லிமீட்டர். எண் ஏற ஏற மணி சிறுக்கும். இதை யாரும் துளைப்பதே இல்லை. பிறக்கும்போதே துளையோடு பிறக்கிறது.

அந்த வித்தையின் வரலாற்றில் பெரிய பெயர் பெற்ற இடங்களில் ஒன்று செஞ்சியிலிருந்து தென்கிழக்கே ஒரு பகல் பயணத்தில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு அது. 1930-களில் அங்கே குழந்தைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் வாங்கினார். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், பிறகு கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினர். ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தைச் சொல்லும் பானை ஓடுகளுக்குத்தான் அரிக்கமேடு பெயர் வாங்கியது. ஆனால் மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் கண் வைத்தது கண்ணாடிப் பாசியில். கண்ணாடிக் குழம்பை உள்ளே காற்றுப்பாதை விட்டுக் குழாயாக இழுத்து, குழாயைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்த சிறு பாசி அது. இந்த முறையில் செய்த பாசிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று அவர் பெயர் வைத்தார். இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் ஏயோ, தாய்லாந்தின் குலோங் தோம் எனப் பல துறைமுகங்களில் அவற்றைச் செய்த தடயங்கள் உண்டு. கிழக்கே கொரியா, ஜப்பான் வரைக்கும், மேற்கே ஆப்பிரிக்கா வரைக்கும் அவை போயிருக்கின்றன.

குழாயாக இழுத்தால் என்ன லாபம்? கல்லில் ஒரு மணிக்கு ஒரு துளை போட ஒரு ஆள் உட்கார்ந்து மாள வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணலில் பளிங்கையும் சூதுபவளத்தையும் துளைத்தவர்கள் அப்படித்தான் மாண்டிருப்பார்கள். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் வில்லால் சுழலும் துளைப்பானின் முனையில் வைரத் துணுக்குகளைப் பதித்து அகேட்டைத் துளைக்கிறார்கள். கண்ணாடிக் குழாயிலோ ஒரே இழுப்பில் ஆயிரம் மணிக்குத் துளை கிடைத்துவிடுகிறது. மணியை ஏழையின் கழுத்துக்குக் கொண்டுவந்தது இந்த ஒரு யோசனை.

அதே வேலை ஆந்திரத்தில் ரேணிகுண்டா பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நடந்துவந்ததை ஆராய்ச்சியாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நீளமான இரும்புக் குழாயின் நுனியில் கண்ணாடிக் குழம்பைச் சேர்த்து உருட்டிக் கூம்பாக்குவார்கள். நடுவில் ஒரு கம்பியைச் செலுத்தி வழி உண்டாக்குவார்கள். அடுப்பின் மறுபக்கத்தில் இருப்பவர் கொக்கியால் அதன் மூக்கைப் பிடித்துக் கையாலேயே இழுத்துக்கொண்டே இருப்பார். குழாயை நறுக்கியதும் துண்டின் விளிம்பு கத்தியாக இருக்கும். அதை மழுக்க மறுபடி சூடு காட்ட வேண்டும், சூடு காட்டினால் துளை மூடிக்கொள்ளும். ஆகவே துண்டுகளைச் சாம்பலில் புரட்டி, துளைக்குள் சாம்பல் ஏறிய பிறகே அடுப்பில் வைப்பார்கள். துளையைக் காப்பாற்றுவதற்கென்றே சாம்பல். இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு பொட்டலம் பாசி வாங்கினால் அதிலுள்ள அடைபட்ட நாலைந்து மணியைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை.

இன்று நம் கடைகளுக்கு வரும் பாசி உத்தரப்பிரதேசத்திலிருந்து வரும், சீனாவிலிருந்து வரும், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் செக் நாட்டிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும். உலகத்துக்கே பாசி ஏற்றிய கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜப்பான் பாசி வாங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஜப்பான் பாசியின் துளை பெரிது, எல்லா மணியிலும் ஒரே அளவு. இறகு செய்ய அதுவே வசதி. முழுதும் நிறக் கண்ணாடியாக இல்லாமல், துளையின் உள்சுவரில் வெள்ளி நிறம் பூசிய பாசியும் கிடைக்கும். வெளியே கண்ணாடி, உள்ளே மினுக்கம். தட்டானின் இறகுக்கு நான் கை காட்டுவது அதைத்தான்.

இனி கம்பி. இங்கேதான் செஞ்சிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். கிணற்று மோட்டார் ஓடும் ஊர் இது, நெல்லும் மணிலாவும் விளையும் ஊர். மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாமல் இங்கே விவசாயம் நடக்காது. அந்தக் கடையில் எடைக்குக் கிடைக்கும் வார்னிஷ் பூசிய செம்புக் கம்பிதான், பெரிய ஊர்களில் சின்னச் சுருளாகச் சுற்றி, அட்டையில் மாட்டி, கைவினைக் கம்பி என்று பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதன் சொந்தக்காரன். வார்னிஷ் இருப்பதால் பச்சைக் களிம்பு ஏறாது. காயில் கடையில் நம்பர் சொல்லிக் கேளுங்கள். முதுகெலும்புக்கு 22-ஆம் நம்பர், ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். இறகுச் சட்டத்துக்கு 26, அது 0.46. நுண்ணிய நரம்புக்கு 34 அல்லது அதைவிட மெல்லியது. ஒரு எச்சரிக்கை: காயில் கடைக்காரர் சொல்வது பிரிட்டிஷ் நம்பர். கைவினைப் பொட்டலங்களில் பெரும்பாலும் அமெரிக்க நம்பர் இருக்கும், அதில் 26 என்றால் 0.4 மில்லிமீட்டர். நம்பரை நம்பி மணி வாங்காமல், கம்பித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மணியில் நுழைத்துப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

கருவிகள் மூன்று போதும்: மூக்கு பிளேயர், சின்ன கட்டர், உருண்டை முனை பிளேயர். மூன்றாவது இல்லாவிட்டால் பால்பாயின்ட் ரீஃபிலில் சுற்றி வளையம் போடலாம்.

வாலிலிருந்து தொடங்குங்கள். 22-ஆம் நம்பர் கம்பியில் ஒரு சாண் வெட்டி, ஒரு நுனியில் குட்டி வளையம் போடுங்கள். அதுவே வாலின் நுனி. அதன்மேல் மணிகளைச் சின்னதிலிருந்து பெரிதாக ஏற்ற வேண்டும். 3 மில்லிமீட்டரில் தொடங்கி 6-ல் முடியட்டும். மொத்தம் 10. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கருகமணி. கருப்பு வளையம் விழுந்ததும் அது மணிச்சரமாக இல்லாமல் பூச்சியின் உடம்பாக மாறிவிடும், கண்ணெதிரே மாறும். பத்தும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கலவைச் சாமானின் சுகமே அதுதான். ஒரு கணு பவள நிறம், அடுத்தது பித்தளைச் சலங்கை முத்து, அதற்கடுத்தது மயில் நீலக் கண்ணாடி என்று போகலாம். அளவு மட்டும் ஒழுங்காக ஏற வேண்டும். நிறம் தாறுமாறாக இருந்தாலும் அளவு சீராக ஏறினால் கண் ஏற்றுக்கொள்ளும். நிறம் சீராக இருந்து அளவு குதித்தால் ஏற்றுக்கொள்ளாது.

வாலை முடித்து ஒதுக்கி வைத்துவிட்டு இறகுக்கு வாருங்கள். நாலு இறகு, முன்ஜோடி பின்ஜோடி. நீளம் வாலின் நீளத்துக்குக் கொஞ்சம் முன்பின். இரண்டு ஜோடியும் ஒரே அச்சு அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். தட்டானின் பின்னிறகு அடியில் அகலம். இரண்டையும் ஒரே அளவில் செய்தால் உற்றுப் பார்க்கிறவர் ஊசித்தட்டான் என்று சொல்லிவிடுவார். அதுவும் அழகான பூச்சிதான், உட்காரும்போது இறகை மடக்கிக்கொள்ளும். ஆனால் அது வேறு பூச்சி.

பலர் இறகு முழுவதையும் மணியால் அடைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அடைத்தால் பட்டாம்பூச்சி ஆகிவிடும். தட்டானின் இறகில் பார்க்க வேண்டியது அதன் வெறுமை. ஆகவே விளிம்புக்கு மட்டும் மணி. 26-ஆம் நம்பர் கம்பியில் 11/0 பாசி சுமார் 80 கோத்து, நீள வளையமாக மடக்கி, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே ஒரு பெரிய 8/0 மணிக்குள் இழுத்து இறுக்குங்கள். இந்த ஒற்றை மணிதான் இறகின் மூட்டு. டப்பாக்களை அலமாரியில் ஏற்றிவைக்கும் மணியும் இதுவே. இரண்டு கம்பி சேர்ந்தால் 0.92 மில்லிமீட்டர். 11/0 பாசியின் துளை ஏறக்குறைய 0.8. நுழையாது, எவ்வளவு கெஞ்சினாலும் நுழையாது. 8/0-க்குத் துளை ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சிரமமில்லாமல் போகும்.

கோக்கும்போது இறகின் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால் மூன்று கருகமணி சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான தட்டானின் ஒவ்வொரு இறகிலும் அந்த இடத்தில் ஒரு கருத்த பொட்டு உண்டு. அழகுக்கு வந்த மச்சம் அல்ல அது. இறகின் மற்ற இடங்களைவிடக் கனமான அந்தப் பொட்டு, இறகை அசைக்காமல் மிதந்து பறக்கும்போது அது படபடத்து முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது என்பதைப் பறத்தல் ஆய்வாளர்கள் 1970-களிலேயே காட்டியிருக்கிறார்கள். நம் தட்டான் பறக்காது, இருந்தாலும் பொட்டு இல்லாவிட்டால் முகம் களையாகாது. பிறகு 34-ஆம் நம்பர் கம்பியை விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்விளிம்புக்கு இழுத்து, அங்கே ஒரு சுற்று, மறுபடி இந்தப் பக்கம் என்று குறுக்கும் நெடுக்குமாகப் போனால் நரம்பு ஆயிற்று. நடுவில் இரண்டொரு பொடி மணி மாட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செம்பு ஒரு மாதிரியான உலோகம். முதல் வளைவுக்கு மெத்தென்று வரும். அதே இடத்தில் நிமிர்த்தி மறுபடி வளைத்தால் விறைக்கும். நாலைந்தாம் தடவை பட்டென்று அறும். அடுப்பில் காட்டி மறுபடி இளக்கலாமே என்றால் வார்னிஷ் கருகிவிடும். எனவே விரலால் ஒரே தடவையில் வளையுங்கள், தப்பாகப் போனாலும் அதிகம் திருத்தாமல் விடுங்கள். தட்டானின் இறகும் நாலு மழையில் கிழிந்துபோவதுதானே.

இப்போது ராஜாவின் முறை. முதுகெலும்புக் கம்பியில் வாலுக்கு மேலே பின்னிறகுகளின் கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள். அதன்மேல் ஒரு 8 மில்லிமீட்டர் மணி. அடுத்து முன்னிறகுகளைச் சுற்றுங்கள். அதன்மேல் ஒத்த ஜிமிக்கியைக் குடை கவிழ்ந்த மாதிரி, வாய் வாலைப் பார்க்க, உச்சித் துளை வழியாக இறக்குங்கள். கம்பி சுற்றிய அலங்கோலம் முழுவதும் குடைக்குள் மறைந்துபோகும், இறகுகள் குடையின் விளிம்புக்கு அடியிலிருந்து கிளம்பும். ஜிமிக்கியின் ஓரத்து முத்துக்கள் இரண்டொன்று உதிர்ந்திருந்தால் இறகு வெளிவர அதுவே வாசல். சிதம்பரம் கவரிங் ஜிமிக்கியானால் இன்னும் நல்லது, தங்க நிறம் சீக்கிரம் மங்காது. குடைக்கு முன்னால் கம்பியை வளையமாக முடித்துவிட்டு, வேறொரு மெல்லிய கம்பியில் ஒரு பட்டை மணி, நடுவில் இந்த வளையம், மறுபடி ஒரு பட்டை மணி என்று கோத்துப் பின்னால் முறுக்குங்கள். கண் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும்.

கால் ஆறு, மறக்கிறவர்கள் அதிகம். குழல் பாசி கோத்து மார்புக்குக் கீழே மூன்று ஜோடி கட்டுங்கள். தட்டான் நடக்கிற பூச்சி அல்ல. ஆறு காலையும் முன்பக்கம் கூடைபோலக் குவித்து, பறக்கும்போதே கொசுவையும் ஈயையும் அள்ளுவதற்குத்தான் கால். அப்படியே முன்னோக்கி வளைத்துவிடுங்கள். கம்பி நுனியை வெட்டியதும் உள்ளே மடக்கி அழுத்துங்கள். இல்லையேல் துடைக்கிறவர் விரலில் ஏறும். பசை வேண்டுமானால் கம்பி சுற்றிய இடத்தில் ஒரு சொட்டு போதும். உடனே ஒட்டும் சூப்பர் பசையைக் கண்ணாடி மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டுக் கண்ணெல்லாம் பூத்துவிடும். வீட்டில் ஒருவருக்குக் கண்புரை போதும்.

முதல் இறகுக்கு ஒரு மணி நேரம் போகும், நாலாவதற்கு அதில் பாதி. முழுத் தட்டானுக்கு நாலு மணி நேரம் என்று வையுங்கள். டப்பாச் சாமான் போகக் கைக்காசு நூறு ரூபாய்க்குள் அடங்கும். இதை விற்றால் என்ன விலை சொல்லலாம்? 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அரைநாள் 168. சாமான் நூறையும் சேர்த்தால் 268 ரூபாய். லாபம் இல்லை, கடை வாடகை இல்லை, வித்தைக்குக் கூலி இல்லை, மண் அள்ளுகிற கூலி மட்டும். அந்த 268-ஐச் சொல்லிப் பாருங்கள், எண்பதுக்குத் தருவாயா என்று கேட்பார்கள். நாமும் கேட்டிருக்கிறோம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலும், அமாவாசைக்கு மேல்மலையனூரிலும், தரையில் துணி விரித்து விற்கிறவரிடம் ஐம்பது ரூபாய் மாலையை முப்பதுக்குக் கேட்டு, நாற்பதுக்கு வாங்கி, ஏமாற்றிவிட்டதாக வேறு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறோம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமான பிறகு நரிக்குறவர்களுக்குப் பாசிமணியே முக்கியப் பிழைப்பு ஆனது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற பல பத்தாண்டுக் கோரிக்கை, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியபோதுதான் நிறைவேறியது. சாதிச் சான்றிதழ் படிப்புக்கும் வேலைக்கும் வழி திறக்கும், திறக்க வேண்டும். ஆனால் மணி கோக்கும் கைக்கு அது விலை வைக்காது. கைவினைப் பயிற்சி வகுப்பு என்று ஊர் ஊராக நடக்கிறது. சில்க் த்ரெட் வளையலும் டெரகோட்டா கம்மலும் சொல்லிக்கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஆள் வருகிறார்கள். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை, சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு, டீச்சராக அழைத்த வகுப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. முடிச்சு வெளியே தெரியாமல் சரத்தை முடிக்கும் அந்த விரலிடம் கற்க எனக்கே நிறைய இருக்கிறது.

உலகத்தில் மணி விலங்குக்கு நல்ல மரியாதை உள்ள இடங்களும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் சாலையோரக் கலைஞர்கள் இரும்புக் கம்பியில் சிங்கமும் பல்லியும் முறுக்கி, மணி சுற்றி விற்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் பெட்டியில் இடம் வைத்து வாங்கிப்போகிறார்கள். மெக்சிகோவின் உய்சோல் மக்கள் மணி விலங்குக்கு மணியைக் கோப்பதே இல்லை. மரத்தில் செதுக்கிய சிறுத்தைத் தலைக்குத் தேன்மெழுகு பூசி, ஒவ்வொரு பாசியாக மெழுகில் பதிக்கிறார்கள். துளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குள் எதுவும் போவதில்லை. 2010-ல் அவர்களில் இரண்டு குடும்பத்துக் கலைஞர்கள் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரையே மூடினார்கள், 22,77,000 மணிகளால். அதுவும் வண்டுதான், மணிப் பூச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கமும் மரியாதை இல்லாமல் இல்லை, அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் பாசி கோத்த படங்களும் தோரணங்களும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் வயர் கூடை பின்னிய அதே திண்ணைகளில் மணி அன்னமும் மணி திராட்சைக்குலையும் பிறந்து, ஷோகேஸில் ஏறி, வருஷத்துக்கு ஒருமுறை கொலுப்படியில் இறங்கி வந்தன. கொலுவில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தட்டானுக்கு எப்போதும் இடம் கிடைக்கும்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இனி வெளியூர்க்காரர்கள் கூடுதலாக வருவார்கள். மலையேறி இறங்கி வருகிறவர்கள் இந்த ஊரின் அடையாளமாகக் கையில் என்ன கொண்டுபோவார்கள் என்று யோசித்தால் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது, அது தட்டான் அல்ல. தேசிங்கு ராஜன் கதையில் வரும் குதிரை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து 22 வயதில் செத்தவனின் கதைப்பாடலில் மனிதருக்குச் சமமாகக் குதிரைகளும் வாழ்கின்றன. அதில் வரும் நீலவேணி என்ற குதிரையின் பெயரைச் சொன்னாலே இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீலப் பாசி, நெற்றிச்சுட்டி, கால் கொலுசு, அறுந்த சங்கிலியில் கடிவாளம் என்று டப்பாச் சாமான் மொத்தமும் அதற்கென்றே உடைந்து கிடப்பது மாதிரி இருக்கிறது.

ஆனால் முதல் வேலையாகக் குதிரையில் கை வைக்காதீர்கள். தட்டான் தொங்குகிற பிராணி, கனம் எங்கே விழுந்தாலும் நூல் தாங்கிக்கொள்ளும். குதிரை நிற்க வேண்டும். நாலு காலுக்கும் 16-ஆம் நம்பர் கம்பி வேண்டும், அதற்கு 2 மில்லிமீட்டர் துளை உள்ள மணி வேண்டும். கழுத்தும் தலையும் முன்னால் நீளுவதால் முன்காலை நேராக நட்டால் முகம் குப்புற விழும், குளம்பு கொஞ்சம் முன்தள்ளி ஊன்ற வேண்டும். வாலுக்குள் ஒரு கனத்த பித்தளை முத்தை ஒளித்து வைத்தால் எடை சரியாகும். முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரைதான் வேண்டுமென்றால் வாலையே மூன்றாவது காலாகத் தரையில் ஊன்றிவிடுங்கள், சிலை செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான்.